பாஞ்சாலையின் நான்கு புத்தகங்கள்

நான் இதைச் சொல்லாமல் வைத்திருந்து இருநூற்று அறுபத்து நான்கு மணி நேரம் ஆகிறது. ஜூன் பதினொன்றாம் தேதி காலை பதினொரு மணிக்கு இனியன் போன் செய்தார். இன்று இருபத்திரண்டு, திங்கட்கிழமை, அதே பதினொரு மணி. எனக்கு எதிரே அம்மா காலை நீட்டி உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருக்கிறாள். வேர்க்கடலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். கட்டைவிரலால் ஓர் அழுத்து, ஒரு சத்தம், இரண்டு பருப்பு முறத்தில் விழும். அக்கா இறந்துவிட்டாள் என்பது அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. நாளை மறுநாள் புதுச்சேரியில் பதினாறாம் நாள் காரியம்.

எங்கள் பக்கம் கல்யாணமான பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுப் புடவை கொண்டுபோய் உடல்மேல் போர்த்துவார்கள். கோடி என்பார்கள். அது வந்து சேரும்வரை எடுக்க மாட்டார்கள். அக்காவுக்கு வரவில்லை. சாயங்காலம் வரை வைத்திருந்தோம் என்றார் இனியன். அவர் அக்காவின் கணவர். அவரை நான் பார்த்ததில்லை. யாருக்குச் சொல்வது என்றே அவருக்குத் தெரியவில்லையாம். என் நம்பர் இரண்டு நாள் கழித்துத்தான் அக்காவின் மெயிலில் கிடைத்திருக்கிறது. பதினாறாம் நாள் படையலிலாவது பிறந்த வீட்டுப் புடவை இருக்க வேண்டும் என்று அவருடைய அம்மா சொல்லிச் சொல்லி அழுகிறாராம்.

"நீங்க ஒருத்தர் எடுத்துட்டு வந்தாக்கூடப் போதும். ஆனா உங்க வீட்ல தெரிஞ்சு குடுத்து அனுப்பணும். தெரியாம எடுத்துட்டு வந்தா அது வெறும் பொடவதான்னு சொல்றாங்க எங்கம்மா."

சரி என்றேன். அன்றிலிருந்து போனில் ஒரு குறிப்பு திறந்து, எப்படிச் சொல்வது என்று எழுதி எழுதி அழிக்கிறேன். எனக்குப் பேச்சு எப்போதுமே வராது. ஆனால் இதில் சிக்கல் அது மட்டுமல்ல. 'அக்கா செத்துட்டா' என்ற வாக்கியம் எங்கள் வீட்டில் ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது.

ஏழு வருடத்துக்கு முன் அக்கா இனியனோடு போனாள். இனியன் வேறு ஆட்கள். மூன்றாம் நாள் அப்பா தலையை மழித்துக்கொண்டார். பெரியப்பா டவுனுக்குப் போய்ப் போஸ்டர் அடித்து வந்தார். மேலே கண்ணீர் அஞ்சலி. நடுவில் அக்காவின் பன்னிரண்டாம் வகுப்பு போட்டோ, சினேகா என்று பெயர். தோற்றம் என்று அவள் பிறந்த தேதி, மறைவு என்று அவள் வீட்டைவிட்டுப் போன தேதி. ஒட்டுவதற்குப் பசை காய்ச்சச் சொன்னார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் நோட்டுகளுக்கு லேபிள் ஒட்ட வீட்டில் பசை காய்ச்சுவது என் வேலை. எனக்கு அப்போது பதினாறு வயது. மைதாவைக் கரைத்து, மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டு, கட்டி தட்டாமல் கிண்டினேன். நல்லா வந்திருக்கு என்றார் பெரியப்பா. வருண லிங்கத்திலிருந்து வாயு லிங்கம் வரை கிரிவலப் பாதையில் ஒட்டினார்கள். பதினாறாம் நாள் கருமாதி நடந்தது. எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் பாதிப் பேர் வந்து சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவள் பெயர் இல்லை. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் அப்பா ஒன்று என்பார். ரேஷன் கார்டில் மட்டும் அக்கா இருந்தாள். பெயர் நீக்க இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். போஸ்டரைக் காட்ட முடியாதே. அதனால் ஏழு வருடமாக அவள் பங்கு அரிசியும் வந்தது. நாங்கள் சாப்பிட்டோம். அம்மா எதுவும் சொன்னதில்லை. நூறு நாள் வேலைக்குப் போவாள், கழனிக்குப் போவாள். பௌர்ணமிக்கு மறுநாள் விடிந்ததும் வாசலில் மேசை போட்டு, மலை சுற்றிக் களைத்து வருகிறவர்களுக்கு மோர் விற்பாள். மோரில் உப்பு கரிக்கும். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். "ஊருக்கே பிரஷர் வர வெச்சிடுவ நீ," என்று அப்பா திட்டுவார். அடுத்த மாதமும் அப்படித்தான் போடுவாள்.

நான் தாவரவியல் படித்தேன். படித்து முடித்து ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, ரமணாசிரமம் பக்கம் வேதா மேடத்தின் காபிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஒரு சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. வெளிநாட்டுக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் ஊருக்குப் போகும்போது சுமக்க முடியாததை விட்டுவிட்டுப் போவார்கள். அவற்றைத் துடைத்து, நம்பர் போட்டு, அடுக்கிவைப்பது என் வேலை. யாரிடமும் அதிகம் பேச வேண்டாம். ஜனவரியில் அப்படி வந்த ஒரு அட்டைப்பெட்டியில், தியானப் புத்தகங்களுக்கு அடியில், கறுப்பு அட்டை போட்ட ஒரு தமிழ்ப் புத்தகம் இருந்தது. 'பின்மலை.' கீழே 'கிராஃபிக் நாவல்' என்று சின்னதாக. எழுதியவர் பெயர் பாஞ்சாலை.

பாஞ்சாலை என் அம்மாவின் பெயர். ஆனால் தெருவுக்கொரு திரௌபதியம்மன் கோயில் இருக்கிற எங்கள் மாவட்டத்தில் பாஞ்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நின்றபடியே புரட்டினேன். தொண்ணூற்றாறு பக்கம். ஒரு வார்த்தைகூட இல்லை. ஒரு பெண் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு கழனிக்குப் போகிறாள், கொடுக்கிறாள், திரும்பி வருகிறாள். அவ்வளவுதான் கதை. எல்லாப் பக்கத்திலும் பின்னால் மலை. மலை மாறுவதே இல்லை. வெளிச்சம் மட்டும் மாறுகிறது. காலையில் மலை கனமில்லாமல், ஊதினால் போய்விடும்போல இருக்கிறது. மத்தியானத்தில் ஒவ்வொரு பாறையும் தனித்தனியாகத் தெரிகிறது. மனிதர்களை இரண்டு மூன்று கோடுகளில் முடித்துவிட்டு, தூக்குச்சட்டியின் நசுங்கலுக்கு அரைப்பக்கம் கொடுத்திருந்தார்கள். இப்படியும் கதை சொல்லலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. படக்கதை என்றால் கும்பல் அடித்துக்கொண்டு சத்தம் எழுத்தில் தெறிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இது சத்தமே போடவில்லை. என்னைப் போலிருந்தது.

நாற்பத்தோராம் பக்கத்தில் நிறுத்தினேன். ஒரு மாடியிலிருந்து தெரியும் மலை, பக்கம் முழுக்க. கோயில் பக்கம் நின்று பார்த்தால் அண்ணாமலை ஒரே கூம்பு. காலண்டரிலும் சாமி படத்திலும் வருவது அதுதான். இங்கே அது இல்லை. இடது தோள் இறங்கி, நடுவில் மடிப்பு விழுந்து, முன்னால் இரண்டு பனைமரம். வலப்பக்கப் பனைக்குத் தலை இல்லை. நான் ஐந்தாவது படிக்கும்போது அதன்மேல் இடி விழுந்தது. இரண்டு பனைக்கும் நடுவில் மலையின் மடிப்பு சரியாக வந்து உட்காருவது உலகத்தில் ஒரே ஒரு இடத்திலிருந்து மட்டும்தான். எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு இடதுபுறம்.

புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். நிழல்களில் கோடு இல்லை. தேய்ப்பும் இல்லை. எல்லாம் புள்ளி. பயாலஜி ரெக்கார்டு நோட்டில் படம் வரையும்போது பென்சிலைத் தேய்த்து நிழல் போடக் கூடாது, புள்ளிதான் வைக்க வேண்டும் என்பது விதி. எட்டாவதிலிருந்து என் ரெக்கார்டு படங்களை எல்லாம் அக்காதான் போட்டுத் தந்தாள். அவள் படித்தது பி.காம். ஆனால் தவளையின் இதயத்தை என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். முதுகை வளைத்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, டொக் டொக்கென்று புள்ளி வைப்பாள். புள்ளிகள் இடமிருந்து வலமாகச் சரிந்து, ஓரத்தில் மூன்று மூன்றாகக் கூடும். அவள் போன பிறகு என் ரெக்கார்டு மார்க் இறங்கியது. டீச்சர் வகுப்பில் எழுப்பிக் கேட்டார், கையில் அடிபட்டதா என்று.

அந்தப் பக்கத்தில் ஓரப் புள்ளிகளை எண்ணினேன். மூன்று மூன்றாகக் கூடியிருந்தன.

'பின்மலை'க்கு நம்பர் போடவில்லை. முதுகு சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பி, மேல்தட்டில் மற்ற புத்தகங்களுக்குப் பின்னால் வைத்தேன். வேதா மேடம் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். அவர் சென்னைக்காரர், எதையும் நேராகக் கேட்பார். "குடுக்கறதுக்கு லைப்ரரியன் வெச்சா நீ ஒளிச்சு வெக்கற," என்றார். இவர் இன்னும் மூன்று எழுதியிருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். உள்ளட்டையில் பட்டியல் இருந்தது. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. பதிப்பகத்துக்குச் சொல்லி வரவழைத்தார். மாதத்துக்கு ஒன்றாக வந்தது.

இரண்டாவது 'மூன்று பேர் சீட்.' முழுப் புத்தகமும் ஒரு பஸ்ஸுக்குள்ளேயே நடக்கிறது. ஒரு பையனும் ஒரு பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாவது இடத்தில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கோழி வைத்திருக்கும் கிழவர், போலீஸ்காரர், பிள்ளைத்தாய்ச்சி. ஒவ்வொருவர் உட்காரும்போதும் அந்த இருவரின் கைகளுக்கு நடுவில் இருக்கும் தூரம் மாறுகிறது. போலீஸ்காரர் வரும் பக்கத்தில் அந்தப் பெண் ஜன்னல் கம்பியை எண்ணுகிறாள். கம்பிகளை மட்டும் ஆறு பெட்டியாகப் பிரித்துப் போட்டிருந்தாள். அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்கு வெகுநேரம் ஆனது. அக்கா போன அன்று வீட்டில் எல்லோரும் கத்தினார்கள். அவள் பயந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஏழு வருடம் கழித்து ஒரு ஜன்னல் கம்பியில் அதைத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது 'பசை.'

அந்த அட்டையைப் பார்த்ததும் கடையின் பின்கட்டுக்குப் போய்விட்டேன். முதல் பக்கத்தில் அடுப்பு. இரண்டாவதில் குண்டான். மூன்றாவதில் ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் கரண்டியால் கிண்டுகிறாள். கன்னத்தில் ஒரு சொட்டுப் பசை. அக்கா யாருடைய முகத்தையும் முழுசாக வரைய மாட்டாள். அப்பா என்றால் சட்டைப்பையில் பேனாவும் ஒரு கையும். அம்மா என்றால் முதுகு. நான்கு புத்தகத்திலும் முழுசாக, கண் மூக்கு உதடு எல்லாம் வைத்து வரைந்த ஒரே முகம் அதுதான். யார் சொல்லியிருப்பார்கள் அவளுக்கு? யாரும் சொல்லியிருக்க வேண்டாம். வீட்டில் பசை என்றால் யார் வேலை என்று அவளுக்குத் தெரியும். அந்த முகத்தில் கோபத்துக்கு ஒரு கோடாவது போட்டிருக்கிறாளா என்று தேடினேன். இல்லை. கட்டி தட்டிவிடக் கூடாதே என்ற கவலை மட்டும் இருந்தது.

மீதிப் புத்தகத்தில் ஒரு பெண் முக்காடு போட்டுக்கொண்டு மலை சுற்றுகிறாள். கும்பலோடு நடக்கிறாள். கம்பத்துக்குக் கம்பம் அவள் போஸ்டர். ஒன்றில் ஆடு பாதி முகத்தைத் தின்றிருக்கிறது. ஒன்றின்மேல் டியூஷன் விளம்பரம். ஒரு பாட்டி நின்று, போஸ்டரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கும் வந்திருக்கும், இல்லாவிட்டால் அதை வரைந்திருக்க மாட்டாள். விடியும் நேரத்தில் அந்தப் பெண் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறாள். மேசை, குண்டான், ஆள்காட்டி விரலில் மோதிரம் போலத் துணி சுற்றிய ஒரு கை. அது மோர் மொண்டு கொடுக்கிறது. இன்னொரு கை டம்ளரை வாங்குகிறது. பக்கம் முழுக்க இரண்டு கைகளும் ஒரு டம்ளரும் மட்டும். அதற்கு அடுத்த பக்கம் வெறும் வெள்ளை.

இது நடந்ததா, கற்பனையா என்று எனக்குத் தெரியவில்லை. தாவரவியலில் ஒரு மாதிரியை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்பார்கள்.

நான்காவது 'மல்லாட்டை.' போன வருடம் வெளியானது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். விதை உரிப்பதில் தொடங்கி, பறித்து, ஆய்ந்து, திரும்பவும் விதை உரிப்பதில் முடிகிறது. பூ மேலே மஞ்சளாகப் பூத்து, பிறகு காம்பு குனிந்து, மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிப்பதைப் பன்னிரண்டு பெட்டிகளில் போட்டிருந்தாள். நான் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியதைவிட அதில் அதிகம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் பதிப்பாளர் கேட்ட ஒரு கேள்வி இருந்தது. உங்கள் கதைகளில் ஏன் யாரும் பேசுவதே இல்லை? பாஞ்சாலையின் பதில்: 'என் முதல் வாசகருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் படிக்கத் தெரியும். அதை அட்டையில் போட்டுவிட்டேன்.'

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. நூறு நாள் வேலையில் கைநாட்டு வைக்க வெட்கப்பட்டபோது, அக்காதான் அவளுக்குப் பெயரை எழுதப் பழக்கினாள். பா வந்துவிட்டது, சா வந்துவிட்டது, ஞ் மட்டும் ஒரு வாரம் வரவில்லை. அந்தப் பதிலைப் படித்த அன்று கடையில் நான் கழுவிவைத்த டம்ளர்களை எல்லாம் எடுத்துத் திரும்பவும் கழுவினேன்.

அப்போதே அம்மாவிடம் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. அப்பாவுக்குப் பயம். அதைவிட, முதலில் அக்காவைக் கண்டுபிடித்து, அவளிடம் பேசி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நாளில் அம்மா மடியில் வைக்க வேண்டும் என்று ஆசை. பேசத்தான் தெரியவில்லை. ஒரு மெயில் எழுத எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஜூன் மூன்றாம் தேதி பதிப்பகத்துக்கு அனுப்பினேன். நான் உங்கள் வாசகி என்று தொடங்கி, யார் என்று சொல்லாமல், கீழே நம்பர் மட்டும் போட்டேன். 'பின்மலை' நாற்பத்தோராம் பக்கத்துப் பனைக்கு எந்த மழையில் தலை போனது என்று எழுதினேன். அந்தக் காட்சி ஒரே ஒரு மாடியிலிருந்துதான் தெரியும் என்றும், அந்த மாடியில் இப்போது கொடிக்கயிறு மாற்றியிருக்கிறார்கள் என்றும் எழுதினேன். கடைசியாக, 'மல்லாட்டை' பதினேழாம் பக்கத்தில் ஓர் இலைக்கு ஐந்து சிற்றிலை போட்டிருக்கிறீர்கள், நான்குதான் இருக்கும் என்றும் எழுதினேன்.

அதைப் பதிப்பாளர் அக்காவுக்கு அனுப்பினார். அக்கா படித்தாள். இதை இனியன்தான் போனில் சொன்னார். சொல்லும்போது அவர் சிரித்தார்.

"ரெக்கார்டு நோட்டு மாதிரியே எழுதியிருக்கா பாருன்னு சிரிச்சா. அஞ்சு இலையாம், எண்ணியிருக்கா, எண்ணியிருக்கான்னு நாலு தடவ சொன்னா. ஒடம்பு கொதிக்குது, காய்ச்ச விட்டதும் பேசறேன்னா."

காய்ச்சல் விடவில்லை. டெங்கு. ஆறே நாள்.

இன்று கடை விடுமுறை. அப்பா கழனி வரப்புத் தகராறுக்கு மனு கொடுக்க வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருக்கிறார். திங்கட்கிழமை என்றால் கூட்டம் இருக்கும். பன்னிரண்டரை பஸ்ஸுக்குத்தான் வருவார். எழுந்துபோய் என் பையைக் கொண்டுவந்தேன். வாயால் சொல்ல வராததால் புத்தகத்தில் தொடங்கலாம் என்று நினைத்தேன். 'பசை'யை எடுத்து அம்மா பக்கத்தில், தோல் குவியலுக்கு இந்தப்புறம் வைத்தேன்.

அம்மா உரிப்பதை நிறுத்தினாள். கையை முந்தானையில் துடைத்தாள். அட்டையில் விரலை வைத்து, பா என்றாள். விரல் நகர்ந்தது. ஞ்சில் கொஞ்சம் நின்றது.

"எம் பேரு."

ஆமாம்மா என்றேன்.

யார் போட்டது, எதற்குப் போட்டது என்று அவள் கேட்கவில்லை. புத்தகத்தை முறத்தின்மேல் வைத்துப் பிரித்தாள். ஒவ்வொரு பெட்டியாக விரல் வைத்துப் பார்த்தாள். நான் ஒரு நாளும் அவ்வளவு மெதுவாக அதைப் பார்க்கவில்லை. பசை கிண்டும் பெண்ணிடம் வந்ததும், "இது நீதான், மூக்கப் பாரு," என்றாள். போஸ்டர்கள் வந்தன. அவற்றை வேகமாகத் தள்ளவில்லை. ஆடு தின்ற முகத்தை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினாள். மோர் பக்கம் வந்தது. டம்ளரை வாங்கும் கையில் சுண்டுவிரல் ஓரம் ஒரு சின்னக் கோடு இருப்பதை அம்மாவின் விரல் அங்கே போய் நின்ற பிறகுதான் நான் பார்த்தேன்.

"அருவா பட்டது," என்றாள். "ஆறு வயசுல. நாந்தான் மஞ்சா வெச்சுக் கட்டினேன்."

"வந்துச்சாம்மா? நெஜமாவா?"

"கருமாதி முடிஞ்ச அடுத்த பௌர்ணமி. மூஞ்ச மூடிருந்தா. கையப் பாத்தேன். உப்பு கம்மின்னா. போட்டுக் குடுத்தேன். இன்னொரு டம்ளர் கேட்டா, குடுத்தேன்."

"நீ பேசலயா?"

"உங்கப்பா வாசல்ல பல்லு வெளக்கிட்டு இருந்தாரு."

கொஞ்ச நேரம் அம்மா அடுத்த வெள்ளைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயும் ஏதோ இருப்பதுபோல. பிறகு, மறுபடி வந்தா உப்பு கம்மின்னு சொல்லக் கூடாதுல்ல என்றாள், என்னிடம் இல்லை, முறத்திடம். ஏழு வருடம். மாதம் ஒரு பௌர்ணமி. நான் பெருக்கிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். புதுச்சேரி என்றேன். இதெல்லாம் அவளே வரைந்ததா என்றாள். இன்னும் மூன்று இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தேன். மூன்றிலும் தன் பெயரைப் படித்தாள். மூன்றாவதில் ஞ்சில் நிற்கவில்லை. எழுந்துபோய் மூட்டையிலிருந்து உரிக்காத மல்லாட்டை இரண்டு படி அளந்து ஒரு துணிப்பையில் போட்டாள். "எப்பப் போற? நேர்ல பாக்கறல்ல?" என்றாள். புதன்கிழமை என்று சொன்னேன். நான் சொன்னதில் பொய் இல்லை.

"வறுத்தது திங்க மாட்டா அவ. ஊற வெச்சு அவிக்கச் சொல்லு. பொடவ ஒண்ணு எடுத்துத் தரேன், அதையும் எடுத்துட்டுப் போ. பொறந்த வீட்லேர்ந்து ஒரு துணிகூடப் போவல அதுக்கு. உங்கப்பாக்கு வாணாம். ஏதோ பரிச்சைக்குப் போறன்னு சொல்லிக்கலாம்."

அவள் முகம் வெகுநாளாக நான் பார்க்காத முகமாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். புடவை புதுச்சேரி போய்விடும். இனியனின் அம்மாவிடம் வீட்டில் தெரியும் என்று ஒரு பொய் சொன்னால் படையலில் வைத்துவிடுவார்கள். அம்மா இன்னும் எத்தனையோ பௌர்ணமிக்கு உப்பைக் கூட்டிப் போட்டு வாசலில் நிற்பாள். வருகிற ஒவ்வொரு கையிலும் சுண்டுவிரலைப் பார்ப்பாள். நான் புதுச்சேரிக்குப் போய் வந்து, நன்றாக இருக்கிறாள், அவித்துச் சாப்பிட்டாள் என்று சொல்ல வேண்டியிருக்கும். ஒரு முறை இல்லை. ஒவ்வொரு மாதமும். முன்பு பசையைக் கட்டி தட்டாமல் காய்ச்சிக் கொடுத்தேன். இதையும் அப்படியே செய்துவிட என்னால் முடியும் என்று தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

கேட் சத்தம் கேட்டது. அப்பா முன்னாலேயே வந்துவிட்டார். அம்மா நான்கு புத்தகத்தையும் வாரி முறத்துக்கு அடியில் தள்ளி, மேலே தோலை இழுத்துவிட்டாள். பழைய இடத்தில் உட்கார்ந்து ஒரு காயைக் கையில் எடுத்தாள். என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, பச்சையா மெரூனா என்று கேட்டாள். அவளுக்குப் பச்சை எடுக்கும் என்று தானே சொல்லிக்கொண்டாள்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சட்டைப்பையில் பேனாவும், மனு கொடுத்த ரசீதும் இருந்தன. தலையில் முடி எல்லாம் வெளுத்து வளர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

"இன்னா பச்ச?" என்றார்.

"பொடவ," என்றாள் அம்மா, தலையை நிமிர்த்தாமல்.

"யாருக்கு?"

அம்மாவின் கட்டைவிரல் காயின்மேல் இருந்தது. அழுத்தவில்லை. முறத்துக்கு அடியில் ஒரு அட்டையின் மூலை வெளியே தெரிந்தது. அதில் 'லை' மட்டும் இருந்தது. நான் எழுந்து நின்றேன்.

"அக்காக்குப்பா. கோடி எடுக்கணும். இந்த மாசம் ஒம்பதாம் தேதி, காலைல ஏழே காலுக்கு, அக்கா செத்துப் போச்சு."